ஒத்தமூச்சும் என் பசையும்

காகிதத்தில் யானை செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் ஒரு யானையைப் பதினாலு மூச்சில் செய்து முடிக்கிறவர் எங்கள் தெரு ஒத்தமூச்சு ஒருவர்தான். சந்தேகம் உள்ளவர்கள் திரேஸ்புரம் பக்கம் வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தொழில், சங்கு குளிக்கிறது. இப்போது சங்குக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் படகில் காற்று மிஷினை ஓடவிட்டு, குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். இவர் குழாயைத் தொடமாட்டார். "அவனுவ சங்கா எடுக்கானுவ? காத்தைக் குழாய்ல வாங்கிக் குடிக்கானுவ" என்பார். ஒரே ஒரு மூச்சை இழுத்துக் கட்டிக்கொண்டு முங்கினால், படகில் இருக்கிறவன் இனி வரமாட்டார் என்று மாதாவைக் கூப்பிடுகிற நேரத்துக்குத்தான் மேலே வருவார். அதனால்தான் அந்தப் பேர்.

ஒருநாள் அப்படி மேலே வந்தபோது மூக்கிலும் வலது காதிலும் ரத்தம். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "இனிமே முங்கினா மேல வருவீங்கன்னு நான் எழுதித் தரமுடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எழுதித் தந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது டாக்டர்" என்று இவர் எழுந்து வந்துவிட்டார். ஆனால் அவர் வீட்டுக்காரி ரோசம்மா விடவில்லை. முகக்கண்ணாடியையும், துடுப்பு மாதிரிக் காலில் கட்டுகிற அலுமினியத் தகட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கரையில் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. முதல் வாரம் தெருவை மேலும் கீழுமாக அளந்தார். இரண்டாம் வாரம் கேட்காதவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயையெல்லாம் சரிபண்ணி ஒழுகவிட்டார். மூன்றாம் வாரம் செல்போனில், எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் தாளை வெட்டி ஆமை செய்கிற வீடியோவைப் பார்த்துவிட்டார். கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன மகள் படிக்கிற காலத்தில் வாங்கிய பிரிண்டர் கட்டிலுக்கடியில் கிடந்தது. தூசி தட்டி, ஆமையை அச்சடித்து, கத்திரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் எதிர்வீடு. நாற்பது வருசமாகக் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுக்கிறேன். கடலைக் கவர், மருந்துக்கடைக் கவர், மக்ரூன் கவர். நடுவில் பிளாஸ்டிக் வந்தது, பிளாஸ்டிக்கைத் தடை பண்ணினார்கள், நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். என்னைத் தெருவில் கவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் பசையைக் குறை சொன்ன ஒரு கடைக்காரருக்கு மறுநாளிலிருந்து கவர் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இன்றுவரைக்கும் கொடுக்கவில்லை.

எதிர்வீட்டில் சத்தமே இல்லையே என்று போய் எட்டிப் பார்த்தேன். தரை முழுக்கக் காகிதத் துண்டு.

"என்ன தம்பி இது?"

"ஆமைக்கா."

"ஆமை எங்க?"

"இதுதான். அந்தப் பயலுக்குச் சேர்ந்து வருது, எனக்குப் பிரிஞ்சு பிரிஞ்சு வருது."

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். "எல்லாக் கோட்டையும் வெட்டி வச்சிருக்கியே. முழுக்கோடு வெட்டுறதுக்கு, புள்ளிக்கோடு மடிக்கிறதுக்கு."

"அங்கன எங்கக்கா அப்படி எழுதியிருக்கு?"

"எழுதித்தான் தெரியணுமா? காகிதத்தைப் பாத்தாத் தெரியாதா?"

மறுபடி அச்சடிக்கச் சொல்லி, கூடவே நானும் உட்கார்ந்தேன். ஓரத்தில் சின்னச் சின்னதாக நாக்கு மாதிரி இருந்தது. நாக்கில் ஒரு எண், அதை ஒட்டவேண்டிய இடத்தில் அதே எண். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எண்ணுக்கு அது போதும். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நான் இதுவரைக்கும் மடித்ததெல்லாம் கவர். கவருக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. தட்டையாகக் கிடந்த தாள் எழுந்து உட்கார்ந்து நம்மையே பார்ப்பது புது விசயம் இல்லையா?

ஒட்டுகிற நேரம் வந்தது. நாக்கில் பசையைத் தடவி, இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, அவர் கன்னத்தை உப்பி மூச்சைக் கட்டினார். கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. நான் கையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். ஆமையின் கால் கோணிக்கொண்டது.

"ஏங்க்கா அசைக்கிய? மூச்சு விட்டா தாள் ஆடும்லா?"

அப்படித்தான் அவருக்கு எல்லா அளவும் மூச்சானது. முயல் காது ஒரு மூச்சு. கலங்கரை விளக்கம் ஏழு மூச்சு. கடையில் வாங்கிய பசை பிடிக்க மூன்று மூச்சு ஆகிறது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் பாவம், "மூச்சுக் கணக்குல எங்கிட்ட பசை இல்லையே அண்ணாச்சி" என்றார். பிறகுதான் நான் மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சி, சூட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பூச்சிக்குப் போடுகிற மயில்துத்தம் போடவில்லை, பொம்மையைப் பிள்ளைகள் வாயில் வைக்கும். ஒரே மூச்சில் பிடித்தது. "கவர் அக்கா பசைதான் பசை" என்று அன்றைக்கே தெரு முழுக்கச் சொன்னார். நான் கேட்காத மாதிரி இருந்தேன், நன்றாகவே கேட்டது.

ஒரு தடவை மின்சாரக் கணக்கெடுக்க வந்த பையன், வாசலில் இருந்து பார்த்துவிட்டு, உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டான். அவர்களும் ஸ்டிரெச்சரோடு வந்துவிட்டார்கள். இவர் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, ஒரு கையால் ஒட்டகத்தின் திமிலை அழுத்திக்கொண்டு, மறு கை விரலை உயர்த்தி 'பொறுங்க' என்று காட்டினார். அவர்கள் பொறுத்தார்கள். கடைசியில் மூச்சை விட்டு, "ஒட்டிருச்சு. உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

பிரிண்டரில் நீலம் தவிர மற்ற மை எல்லாம் தீர்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. நீலச் சேவல், நீல மாடு, நீலத் தக்காளி. "மை வாங்கிப் போடேன் தம்பி" என்றேன்.

"எதுக்குக்கா? கடலுக்கடியில எல்லாம் இப்படித்தான். முதல்ல சிவப்பு போயிரும். கையில வெட்டுப்பட்டா ரத்தம் கறுப்பாத்தான் தெரியும்."

எழுபது வருசம் கடற்கரையில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து கவர் ஒட்டுகிற நேரம் போக அங்கேயே கிடந்தேன். அடியில் சத்தம் கேட்குமா, சங்கு நடக்குமா, பேய்க்கணவாய் எட்டுக் காலையும் எப்படிச் சுருட்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் நீலத் தாளில் பேய்க்கணவாய் செய்து, மேசையில் நடக்கவிட்டுக் காட்டுவார். பிறகு சட்டென்று பேச்சை நிறுத்தி, "கரையில கிடக்க நான் மனுசன் இல்லக்கா, கருவாடு" என்பார்.

சாயந்தரம் கடல்காற்று திரும்பினால் பொம்மை எல்லாம் ஈரத்தில் நமத்துத் தலை தொங்கும். அதனால் அரிசி டிரம்மில் போட்டு மூடிவிடுவார். "அரிசி அளக்கக் கைய விட்டா சிங்கம் வருது மைனி. நேத்து உலையில ஒரு ஒட்டகச்சிவிங்கி வெந்துபோச்சு" என்று ரோசம்மா என்னிடம் முறையிட்டாள். ஆனாலும் அவர் முங்காமல் இருக்கிறாரே, அரிசியில் என்ன கிடந்தால் என்ன என்று பொறுத்துக்கொண்டாள்.

அந்தப் பொறுமைக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. கடல் தெளிந்தது, சங்கு சீசன் ஆரம்பித்தது. இவர் முன்பு போய்க்கொண்டிருந்த படகின் சொந்தக்காரர், நாங்கள் சம்மாட்டி என்று சொல்வோம், அவரைப் பார்த்து இவர் ஒரு பந்தயம் பேசிவிட்டு வந்திருக்கிறார். காகிதத்தில் ஒரு முழ நீளத்துக்கு வள்ளம் செய்வாராம். அதன் அடிப்பக்கத்து மடிப்பு முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரே மூச்சில் ஒட்டிக் காட்டுவாராம். ஒட்டிவிட்டால் மூச்சு பழையபடி இருக்கிறது என்று அர்த்தம். மறுநாளே படகில் ஏறிவிடலாம். சம்மாட்டியும் சரி என்றிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

ரோசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அவிய போயிருவாவ மைனி."

"சாவி உங்கிட்டதான இருக்கு?"

"சாவி இருக்கு. பீரோவுக்குப் பின்பக்கம் வெறும் தகரம்தான." முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நீங்கதான மைனி பசை காய்ச்சுதிய."

"அதுக்கு?"

"கொஞ்சம் மோசமா காய்ச்சுங்களேன்."

அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "ஏளா, நீ யாருகிட்ட என்ன பேசுத?" என்று எழுந்துவிட்டேன். அவர் வலது காதில் வந்த ரத்தத்தைத் துடைத்த துண்டை இன்னும் துவைக்காமல் வைத்திருப்பதாக மட்டும் அவள் சொன்னாள். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு, பசையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினேன். என் கையால் நான் செய்த முதல் கெட்ட பசை. ஒட்டவில்லை, தாளிலும் சுருக்கம் விழுந்தது. "கவர் அக்காவுக்கு வயசாயிட்டு. பசை தண்ணியா இருக்கு" என்று அவர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நம்ம கவருக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டார். நாற்பது வருசத்தில் கேட்காத கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அதோடு போகவில்லை. அவர் அந்தப் பசையைத் தானே அடுப்பில் வைத்துச் சுண்டவைத்துவிட்டார். கெட்டியாகிவிட்டது. "இப்ப பிடிக்கும் பாருங்க" என்றார். தண்ணீர் வேலைக்காகாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் நான் உப்பளத்தில் வேலை பார்த்தவள். உப்புப் பட்ட துணி இந்த ஊர்க் காற்றில் காயவே காயாது, எத்தனை நாள் கொடியில் கிடந்தாலும் பிசுபிசுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கெட்டியாக, மணக்க மணக்க, பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத பசை காய்ச்சினேன். இறக்குமுன் ஒரு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினேன்.

சம்மாட்டி வந்தார். கூட இரண்டு படகுக்காரர்கள். ரோசம்மா கதவுக்குப் பின்னால். மேசையில் நீல வள்ளம் கவிழ்த்து வைத்திருந்தது. ஒத்தமூச்சு சட்டையைக் கழற்றி, சிலுவை போட்டு, மடிப்பு நெடுகப் பசையைத் தடவினார். மூச்சை இழுத்தார். பத்து விரலாலும் அழுத்தினார். சம்மாட்டி செல்போனில் நேரம் பார்த்தார்.

நான் போனைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தேன். இத்தனை மாதம் எதிரில் உட்கார்ந்து அந்தக் கழுத்தைப் பார்த்தவள் நான். ஆமைக்குக் கட்டிய மூச்சில் பாதிகூட இல்லை. நரம்பு துடித்தது, தோள் நடுங்கியது, புஸ்ஸென்று விட்டுவிட்டார். என் பசை நல்ல பசையாகவே இருந்திருந்தாலும் அன்றைக்கு ஒட்டியிருக்காது. அது எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியுமுன் மடிப்பு மெதுவாக வாயைத் திறந்துகொண்டது.

அவர் கட்டை விரலில் ஒட்டியிருந்த பசையை வாயில் வைத்துத் துடைத்தார். அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

"பசை சரியில்ல அண்ணாச்சி" என்றார். "கவர் அக்கா பசை இந்த வருசம் படு மோசம். அடுத்த சீசனுக்குப் பாப்போம்."

"வேற பசை வாங்கி இப்பமே ஒட்டுலே. நான் இருக்கேன்" என்றார் சம்மாட்டி.

"வேற பசை நம்ம கைக்குச் சேராது அண்ணாச்சி."

சம்மாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாராவது என் பசையை அப்படிச் சொல்லியிருந்தால் அந்தத் தெருவே இரண்டாகியிருக்கும். "ஆமா சம்மாட்டி. மைதா சரியில்ல" என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

அவர்கள் போனபிறகு ரோசம்மா காப்பி போட உள்ளே போனாள். அவர் வள்ளத்தை எடுத்து அரிசி டிரம்மில் வைத்தார். வைத்துவிட்டு, குழம்புக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுக்கா."

இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது அவரிடம் ஏன் இப்போது கடலுக்குப் போவதில்லை என்று கேட்டால், அவர் எதிர்வீட்டைக் காட்டி என் பசையைத்தான் குறை சொல்லுகிறார். காலையில் நான் கவர் ஒட்ட உட்காரும்போது அந்தக் குரல் காதில் விழும். சொல்லட்டும். தினமும் சொல்லட்டும்.