பெண் பார்க்கப் போன இடத்தில் போட்ட பிளேட்டு

தனக்குப் பிடித்த பாட்டு எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைப்பவனைப் போல ஆபத்தான பிராணி வேறில்லை. முப்பதுகளில் கோயமுத்தூர் மில் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த நான் அப்படியொரு பிராணி. கிராமபோன் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் பாட்டுப் போட்டுவிடுவேன்.

என்னிடமிருந்த பிளேட்டுகளில், அதாவது இசைத்தட்டுகளில், ஒரு நாடகப் பாட்டு எனக்கு உயிர். போர்க்களத்தில் புருஷனைப் பறிகொடுத்த ராணி பாடுவது. ஊரை விட்டு வந்து தனி அறையில் கிடந்த எனக்கு அந்தக் குரல்தான் துணை. (அவள் ஒப்பாரி வைக்கிறாள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராகம் அப்படி.)

பல்லடத்துப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது கிராமபோன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். தெய்வானையைப் பார்த்ததுமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவளுடைய அப்பாதான் பிடிகொடுக்கவில்லை.

"மில்லு வேலை நெலைக்குமுங்களா?" என்று இழுத்தார்.

"எனக்கு உசுரான பாட்டு ஒண்ணு இருக்குதுங்க, கேளுங்க" என்று பேச்சை மாற்றி, சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். ராணி வீடு அதிர அழ ஆரம்பித்தாள்.

உள்ளறையில் தெய்வானையின் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. ஊருக்கே தெரியும். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓடிவருவது எங்கள் பக்கத்து வழக்கம். ராணி இரண்டாம் அடிக்கு வருவதற்குள் ஏழெட்டுப் பெண்கள் தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு நுழைந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஊசியைத் தூக்கினேன். அவர்களை யார் நிறுத்துவது?

பக்கத்து நிலத்துக்காரி கருப்பாத்தா ராகம் இழுத்தாள்: "எங்க வரப்ப நவுத்துனாலும் தங்கமான மனசய்யா..."

கட்டிலில் கிடந்தவர் படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "ஏம்புள்ள, நா எப்பப் புள்ள உன்ற வரப்ப நவுத்துனேன்?"

பாதிப் பேர் வாசலுக்கு ஓடினார்கள். தெய்வானை கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் அப்பா எனக்கு வாசலைக் காட்டினார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பெட்டியை மூடினேன்.

"இருக்கட்டும் உடப்பா" என்றார் அப்பாரு. "மூணு மாசமா வைத்தியன் பண்ணாதத ஒரே பிளேட்டுல பண்ணிப்போட்டாரு. புள்ளயக் குடு."

கல்யாணம் நடந்தது. அப்பாரு அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் பக்கத்து வீடுகள் அதிரப் போடச் சொல்லிக் கேட்பார்.

நாங்கள் அங்கே போயிருந்தபோது ஒருநாள் காலையில் அவர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தார். வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஒரு மணி நேரமாகியும் ஒரு ஈ காக்கை வரவில்லை. கடைசியில் தெய்வானையே போய்க் கருப்பாத்தாவின் கதவைத் தட்டினாள். கருப்பாத்தா சொன்னதை என் மனைவி இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

"வா அம்மணி, எப்ப வந்தீங்க? சத்தம் கேட்டுதே, மாப்ள பிளேட்டுப் போட்டிருக்கறாராட்ட இருக்குது."