நடுவிலே ஒரு நாள்

"போறப்ப அரை நாளு, வர்றப்ப ஒன்றரை நாளா? அடியே பொன்னாயி, நடுவுல ஒரு நாள் எங்கடி போச்சு?"

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்து ரிடையரானவர் இளையபெருமாள். சிகாகோவிலிருந்து மகன் அன்பழகன் போனில் சொன்ன நேரத்தைக் காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்தார். திங்கள் சாயங்காலம் அங்கே ஏறினால் புதன் விடிகாலை சென்னை. திரும்பும்போது விடிகாலை ஏறினால் அன்றைக்கு மத்தியானமே சிகாகோ. இன்று செவ்வாய். பையன் வானத்தில் இருக்கிறான்.

"பதிமூணாயிரம் கிலோமீட்டர் போறதுக்கும் வர்றதுக்கும் ஒண்ணுதானே? லேட்டா வந்தா, டிரைவர் எங்கயோ நிறுத்திப் பரோட்டா தின்னுருக்கான்னு அர்த்தம்!"

"பிளேன்ல ஏதுங்க பரோட்டா? சென்னையில சம்பந்தி வூட்டுல வேணா சோறு கிடைக்கும்" என்றாள் பொன்னாயி. சும்மா இருந்திருக்கலாம், மகராசி.

வெள்ளிக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. அதற்கு வருகிற பிள்ளை முதலில் மிதிக்க வேண்டியது அப்பன் வீட்டு வாசலையா, மாமனார் வீட்டு வாசலையா? இளையபெருமாள் சென்னைக்குப் போன் போட்டார்.

"என்ன சம்பந்தி, எம் மவனை ஒரு நாள் அமுக்கி வச்சுக்கப் பாக்குறீங்களா?"

"யாரைப் பாத்து என்ன பேச்சு பேசுறீங்க?" பஞ்சநாதன் குதித்தார். "எம் மவன் காதுகுத்துக்கு வரமாட்டான். பேரனை யாரு மடியில ஒக்கார வைக்கிறீங்கன்னு பாக்குறேன்!"

போச்சு! தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் ஊர் சும்மா விடுமா? பத்திரிகை வேறு கொடுத்தாயிற்று. பதறிப்போய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நெட் சென்டருக்கு ஓடினார். அதை நடத்தும் ஜெயசுதா பொறுமையாகச் சொன்னாள்.

"ஐயா, நமக்குப் பகல்னா அங்க ராத்திரி. நம்ம கடிகாரம் பத்தரை மணி நேரம் முன்னாடி ஓடுது. போனாலும் வந்தாலும் இருபத்திரண்டு மணி நேரம் சொச்சந்தான்."

"அப்ப நடுவுல எங்கயும் தங்கலையா?"

"ஒரு தடவ பிளேன் மாறுவாங்க. அம்புட்டுதான்."

இளையபெருமாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து பூத்திலேயே போனை எடுத்தார்.

"தப்பு எம் மேலதான் சம்பந்தி. மன்னிச்சுக்குங்க. உங்க மவனை அனுப்பி வைங்க."

"மனசு ரொம்ப நொந்து போச்சுங்க" என்றார் பஞ்சநாதன். காதுகுத்து முடிந்ததும் மகனும் மருமகளும் பேரனும் பத்து நாள் சென்னையிலேயே இருக்கட்டும் என்று இவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

புதன் மத்தியானம் கார் வந்தது. அன்பழகன் குடும்பத்தோடு உள்ளே போனான். பெட்டி இறக்கிய டிரைவரிடம் இளையபெருமாள் உருகினார்.

"பாவம், ரெண்டு நாளா புள்ளைக்கு வாய்க்கு ருசியா ஒரு வாய் சோறு கிடைச்சிருக்காது."

"அட நீங்க ஒண்ணு! ஞாயித்துக்கிழமையிலேருந்து சென்னையில நான்தானுங்க அவங்களுக்கு வண்டி ஓட்டுறேன். நேத்து நீங்க போன்ல மன்னிப்புக் கேட்டப்ப, உங்க புள்ள மாமனாருக்குப் பக்கத்துலதான் ஒக்காந்து வஞ்சிர மீனை வெளுத்துக் கட்டிக்கிட்டிருந்தாரு!"