ஊசி மாஸ்டர் சொன்ன சேவல்

கோழிக்குஞ்சு சேவலா பெட்டையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும். அந்தப் பாதியைக்கூட எட்டாமல், அந்தத் தொழிலிலேயே பெயரும் வாங்கியவர் உலகத்தில் ஒருவர்தான். ஆரணியில் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த ஊசி மாஸ்டர்.

எழுபதுகளின் கடைசியில் அவர் கடைக்கு எதிர் அறையில் நான் குடியிருந்தேன். விலங்கியல் பட்டதாரி. கோழிக்குஞ்சு விஷயத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ளாத அளவுக்குப் படித்திருந்தேன்.

சேவூரிலிருந்து கூடையில் குஞ்சு விற்க வருபவளை நிற்க வைத்துவிட்டு, தெருப் பெண்கள் குஞ்சுகளை முந்தானையில் போட்டுக்கொண்டு மாஸ்டரிடம் ஓடுவார்கள். பெட்டை என்றால் முட்டைக்கு. சேவல் என்றால் ஆடியில் அம்மனுக்கு நேர்ந்துவிட. மாஸ்டர் தறியில் மிஞ்சிய பட்டு நூலில் ஊசியைக் கோத்துக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிடுவார். முன்னும் பின்னும் ஆடினால் சேவல், வட்டமடித்தால் பெட்டை. பருத்தி நூல் பொய் சொல்லுமாம். கடையில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. அதனால் கரண்ட் இருந்தபோது வந்த குஞ்செல்லாம் சேவல். கரண்ட் போனபின் வந்ததெல்லாம், மாஸ்டரின் கை நடுக்கத்தில், பெட்டை.

தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. என் பேண்ட்டில் ஒரு கால் குட்டையாக வந்தபோது, குறை என் காலில்தான் இருந்தது. அவர் பெட்டை என்று சொன்ன குஞ்சு ஒன்று வளர்ந்து, ஒரு விடியற்காலையில் தெருவையே கூவி எழுப்பியது. போய்க் கேட்டார்கள். “பொட்டதான். தொண்ட கட்டிகினு கீது. மெளகு ரசம் ஊத்துங்க” என்றார்.

தறிக்கார வீட்டு முனியம்மா நேர்ந்துவிட்ட ‘சேவல்’, கோயிலுக்குக் கிளம்பும் காலையில் கூடையிலேயே முட்டை வைத்தது. பக்கத்து வீட்டுக் கோழி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கும் என்றார் மாஸ்டர். தெரு சிரித்தது. முனியம்மா மட்டும் நம்பி, முட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவ்வளவு நம்பிக்கை வைத்தவள் ஒரு மத்தியானம் முழுகாமல் இருந்த மருமகள் செல்வியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“மாஸ்டரே, ஊசிய எடு. ஏற்கெனவே ரெண்டும் பொட்டப்புள்ள. இதுவும் அதேன்னா இப்பவே சொல்லிடு. கண்ணமங்கலம் பஸ்ல ஏத்தி இவ அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு, என் புள்ளைக்கி வேற எடம் பாக்கறேன்.”

செல்வி தையல் மிஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேண்ட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்திருந்த நான், மாஸ்டரின் காதருகே குனிந்து, ஆண் என்று சொல்லித் தொலையுங்கள் என்றேன்.

“பொண்ணா பொறந்துட்டா, சார்?” என்றார் அதே மெல்லிய குரலில். “ஊசி சரியாத்தான் சொல்லிச்சி, இவதான் ராசி கெட்டவன்னு சொல்லி அன்னிக்கி பஸ் ஏத்துவாங்க.”

ஊசியிலிருந்து நூலை உருவினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எம்மா, உன் சேவல் முட்ட வெச்சிது, ஞாபகம் கீதா?”

“அது பக்கத்து வூட்டு கோழிதுன்னு நீதான சொன்ன?”

“உன்னுதுதான் வெச்சிது. அது சேவலே இல்ல. நான் சொன்னது தப்பு. இதுவரிக்கும் சொன்னது அத்தனையும் தப்பு. துணி தைக்கறத வுட்டா இந்த ஊசிக்கு ஒண்ணும் தெரியாது.”

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். போனவர்கள் நின்றார்கள். திருப்பிக் கொடுத்த முட்டை நினைவுக்கு வந்ததும் முனியம்மாவின் கோபம் மருமகளை விட்டு மாஸ்டர் மேல் தாவியது. தொண்டை வற்றும்வரை திட்டிவிட்டு, செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு அல்ல, வீட்டுக்கு.

ஐப்பசியில் குழந்தை பிறந்தது. என்ன குழந்தை என்று கேட்டு நீங்களும் முனியம்மா கட்சியில் சேர்ந்துவிட வேண்டாம். தறிச் சத்தத்தை மீறி அழுதது. செல்வி அந்த வீட்டிலேயே இருந்தாள். கொஞ்ச நாளில் முனியம்மாவே அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள்.

மாஸ்டரிடம்தான் அதன்பிறகு யாரும் குஞ்சு கொண்டுபோகவில்லை. தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி அவருக்குப் பொருந்தவில்லை. நான் சேவூர்க்காரியிடம் இரண்டு குஞ்சு வாங்கிப் போய் அவர் மேசைமேல் விட்டேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பட்டு நூலைத் தேட ஆரம்பித்தார்.

என்ன சொன்னார் என்று நினைவில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என்றுதான் போயிருந்தேன்.