ஹால் சுவத்துப் போட்டோ

இந்தக் கார்த்திகை தீபத்துக்குள்ள ஹால் சுவத்தைக் கைப்பத்தியே தீர்றதுன்னு நான் முடிவு பண்ணேன்.

வேற யாரும் அதுக்குக் குறுக்கே இல்லை. என் சம்சாரம் ஜோதியம்மாள் மட்டும்தான் இருந்தா. அதுவே ஜாஸ்தி.

வாசப்படி ஏறினதும் நேரா கண்ணுல படற சுவரு அது. நானும் ஜோதியும் ஜோடியா நிக்கிற போட்டோ அங்க தொங்கணும்ங்கறது என் ஆசை. அவளோட அப்பா, அம்மா, தம்பியோட அவ நிக்கிற போட்டோ தொங்கணும்ங்கறது அவ ஆசை. வர்ற சொந்தக்காரன் இது யார் வீடுன்னு அந்தச் சுவத்தைப் பார்த்துதானே முடிவு பண்ணுவான்? கல்யாணப் போட்டோவை மாட்ட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. ஓமப் புகையில நான் தும்மினப்போதான் அந்த ஸ்டுடியோக்காரன் அமுக்கினான். ரெண்டு கண்ணும் மூடி, வாய் மட்டும் திறந்து கிடக்குது.

என் பேரு சக்கரவர்த்தி. அண்ணாமலையார் கோயில் தேரடித் தெருவுல சைக்கிள் சாமான் கடை. கடைக்கு வர்ற எல்லாரும் முதலாளின்னுதான் கூப்பிடுவாங்க. அந்தப் பேச்செல்லாம் கடையோட சரி.

அந்த வருஷம் ஒரு பெட்டி கேமரா வாங்கினேன். புதுசா போட்டோ எடுக்கறவங்களுக்குன்னு ஒரு சின்னப் புஸ்தகமும் கூட வந்தது. படிச்சதும் தலை கனத்துப் போச்சு. தெரிஞ்சதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது. நேரா சமையக்கட்டுக்குப் போனேன்.

"ஜோதி, படத்துல ஆளை நட்ட நடுவுல நிக்க வெக்கக் கூடாது. தெரியுமா?"

"வேற எங்க வெக்கறதாம்?"

"படத்தை மனசுல மூணு மூணா பிரிச்சுக்கணும். நெடுக்க ரெண்டு கோடு, குறுக்க ரெண்டு கோடு. கோடு மேல ஆள் நிக்கணும். அப்பதான் பார்க்க லட்சணம்."

"இந்த முருங்கைக்காயை நறுக்கிக் குடுங்க. அதையும் மூணு மூணா பிரிச்சே நறுக்குங்க."

நறுக்கினேன். ஆனா பாடத்தை நிறுத்தலை.

"ஆளுக்குப் பின்னால இன்னா இருக்குன்னு பார்க்கணும். கம்பம் கிம்பம் இருந்தா தலையில முளைச்ச மாதிரி விழும்."

"ம்."

"சூரியன் எடுக்கறவன் முதுகுப் பக்கம் இருக்கணும். எதிர்ல இருந்தா நிக்கிறவன் மூஞ்சி கரிச்சட்டி."

"ம்."

"காலைக் கணுக்கால்ல வெட்டிடக் கூடாது."

"கோழிக்கா?"

"படத்துல, ஜோதி."

அவ காதுல எதுவும் ஏறலைன்னு நினைச்சேன். தினம் ஒரு பாடம் நடத்தினேன். தினம் ஒரு காயும் நறுக்கினேன்.

தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூர்லேர்ந்து மாமனார் அப்பாசாமி, மாமியார் வெள்ளையம்மாள், மச்சான் காசி மூணு பேரும் நிலத்துல விளைஞ்ச மல்லாட்டைக் கடலை மூட்டையோட வந்து இறங்கினாங்க. பக்கத்து வீட்டு ஹபீப் முகம்மது கண்ணாடி ஃப்ரேம் போடற கடை வெச்சிருக்காரு. பெரிய ஃப்ரேமா ஒண்ணு சொல்லி வெச்சுட்டேன். ஜோதிகிட்ட ஒப்பந்தமும் பேசினேன்.

"ரெண்டு போட்டோ எடுப்போம். நாம ஜோடியா ஒண்ணு, உங்க வீட்டு ஆளுங்களோட நீ நின்னு ஒண்ணு. எது நல்லா வருதோ அது சுவத்துல. பேச்சு மாறக் கூடாது."

"சரிங்க," அப்படின்னா. இவ்வளவு சுலபமா அவ சரின்னு சொன்னப்பவே நான் உஷாராகி இருக்கணும்.

என் திட்டம் இதுதான். புஸ்தகத்துல எதெல்லாம் தப்புன்னு போட்டிருந்ததோ, அதெல்லாம் மாமனார் வீட்டுப் படத்துக்கு. எதெல்லாம் சரியோ, அது எங்க படத்துக்கு.

தீபத்துக்கு மறுநாள் காலையில எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். முதல்ல நானும் ஜோதியும் மலையைப் பின்னால வெச்சு, வெயில் மூஞ்சில விழற மாதிரி நின்னோம். காசி கையில கேமராவைக் குடுத்து எல்லாம் சொல்லிக் குடுத்தேன். "புரிஞ்சுது மாமா," அப்படின்னு சொல்லி அமுக்கினான்.

அடுத்தது அவங்க. நாலு பேரையும் நேர் எதிர்ப்பக்கம் திருப்பி நிக்க வெச்சேன். சூரியன் அவங்க முதுகுல. மாமனார் தலைக்கு நேர் பின்னால ஹபீப் வீட்டு டி.வி. ஆன்டெனா. குனிஞ்சு பார்த்தேன். மாமாவுக்குக் கொம்பு முளைச்சு ஜம்முனு இருந்தாரு.

"ஏங்க," அப்படின்னா ஜோதி, நின்ன இடத்துலேர்ந்தே. "வெயில் எங்க முதுகுல இருக்குதே, மூஞ்சி கரிச்சட்டி ஆயிடாது?"

"வயசானவங்களுக்குக் கண்ணு கூசும்னு பார்த்தேன்."

"மாப்ள, நான் நாள் முழுக்க வெயில்ல மல்லாட்டை புடுங்கறவன்," அப்படின்னாரு மாமனார்.

"அப்பா தலைக்குப் பின்னால ஆன்டெனா வேற நிக்குது. எல்லாரும் மலைப்பக்கம் வாங்க," அப்படின்னா ஜோதி.

எல்லாரும் மலைப்பக்கம் போயிட்டாங்க. சரி, கணுக்காலையாவது வெட்டுவோம்னு கேமராவைக் கொஞ்சம் தூக்கினேன்.

"கேமரா மேல போவுது பாருங்க. அம்மா கால் விழாது."

இறக்கினேன். மாமனாரை ஓரங்கட்டலாம்னு ஒரு பக்கமா திரும்பினேன்.

"உங்களுக்குக் கை நடுங்குது போல. இப்படிக் குடுங்க, நானே எடுக்கறேன். நீங்க போயி காசி பக்கத்துல நில்லுங்க."

கேமரா எப்படி என் கையை விட்டுப் போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியலை. நான் போயி நின்னேன். அவ ரெண்டு அடி முன்னால வந்தா, ஒரு அடி இடது பக்கம் தள்ளினா, மாமனாரைத் தோளை நிமித்தச் சொன்னா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கினா.

படம் கழுவி வந்தது. எங்க ஜோடிப் படத்துல காசி அண்ணாமலையாரோட மலையை முழுசா பிடிச்சிருந்தான். எங்களைப் படத்தோட ஓரத்துல ஒரு கையும் ஒரு முந்தானையுமா மட்டும் பிடிச்சிருந்தான். யார் ஜோடின்னு புடவைக் கரையை வெச்சுதான் கண்டுபிடிக்கணும்.

இன்னொண்ணு, பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. மாமனார் சரியா கோடு மேல நிக்கிறாரு. தோளுக்குப் பின்னால மலை சரிஞ்சு இறங்குது. மாமியார் சிரிப்புல பொக்கை வாய் கூடத் தெளிவு. ஓரத்துல வெள்ளைச் சட்டையில நான். இந்தத் தடவை தும்மலை.

ஹபீப் முகம்மது ஃப்ரேம் போட்டு அவரே கொண்டாந்து மாட்டினாரு. "யாரு எடுத்தது? கை சுத்தமா இருக்குதே," அப்படின்னு கேட்டாரு. நான் ஃப்ரேமுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன்.

அவரு போனதும் தனியா நின்னு அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். நான் அவ்வளவு குறுக்குப் புத்தி பண்ணியும் அவ என்னை ஒதுக்கலையே, அவ ஆளுங்களோட ஒருத்தனா நிக்க வெச்சாளேன்னு நினைச்சேன். சுவரு போனா போவுதுன்னு தோணிச்சு. உள்ளே போயி அவகிட்டயே சொல்லிட்டேன்.

"ஜோதி, உங்க வீட்டுப் போட்டோவுல என்னையும் சேர்த்துக்கிட்டியே, எனக்கு அது போதும்."

அவ புளி கரைக்கறதை நிறுத்தாமயே சொன்னா: "நான் கேமராவை வாங்கிட்டேன்னா அங்க மூணு பேருதானே மிச்சம்? மூணு பேரா நின்னு போட்டோ எடுத்தா ஒருத்தருக்கு ஆகாதும்பாங்க. அதான், கையில கிடைச்ச ஆளை நிக்க வெச்சேன்."