வெள்ளைப் பாறையில் நாற்பது அல்பட்ராஸ்

ஜவ்வாது மலை,
10-11-1983, வியாழன் இரவு.

'மலையடிச் செய்தி' வார இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மலைமேல் அரசு விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சுக் கோப்பவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலமாக இல்லை. பெயர் எழுதாததற்கு மன்னிக்கவும். சிம்னி விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், போர்வையும் கொஞ்சம் கருகிவிட்டது. கோணலாக இருப்பதும் நல்லதுதான். நேராக எழுதினால் இது யார் கையெழுத்து என்று தெரிந்துவிடும். இத்தனை கஷ்டமும் என் கையெழுத்து நன்றாக இருந்ததால் வந்தது.

ஐயா, போன வாரம் மூன்றாம் பக்கத்தில், எங்கள் வெள்ளைப் பாறையில் உலகத்திலேயே அரிய கடற்பறவைகள் நாற்பது கூடு கட்டியிருப்பதாகவும், வெளிநாட்டு அறிஞர்கள் வியந்து போயிருப்பதாகவும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அங்கே ஒரு பறவையும் இல்லை. அந்த நாற்பதை எழுதியவள் நான்தான்.

ஆவணி மாதம் மேலிடத்திலிருந்து பள்ளிக்கு ஏழு பக்கப் படிவம் ஒன்று வந்தது. உலகக் கடற்பறவைக் கணக்கெடுப்பு என்று தலைப்பு. வெளிநாட்டில் யாரோ கேட்டு, டெல்லியில் யாரோ வாங்கி, கடற்கரைப் பள்ளிகளுக்குப் போக வேண்டிய கட்டு மாறிப்போய் மலை ஏறிவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் ராஜாக்கண்ணு சார் கண்ணமங்கலத்துக்காரர், திங்கள் மதியம் பஸ்ஸில் வந்து வெள்ளி காலையில் போய்விடுபவர். படிவத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. காரணம் உண்டு. போன வருஷம் பள்ளியில் கழிப்பறை எத்தனை என்று ஒரு படிவம் வந்தபோது, உண்மையைச் சொல்லி 'இல்லை' என்று எழுதினார். ஏன் இல்லை என்று மெமோ வந்தது. அதற்குப் பதில் அனுப்பினால், பதில் ஏன் தாமதம் என்று இன்னொரு மெமோ வந்தது. அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் எதையும் இல்லை என்று எழுதுவதில்லை. நூலகம் இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது, தையல் இயந்திரம் மூன்று இருக்கிறது, எல்லாம் படிவத்தில். கையெழுத்து அழகு என்பதால் அதையெல்லாம் நிரப்புவது நான்.

"இல்லன்னு எழுதினா ஏன் இல்லன்னு கேப்பான். இருக்குன்னு எழுதினா எவன் மலை ஏறி வந்து பாப்பான்? எழுதும்மா" என்றார் சார்.

"எத்தினி போடட்டும் சார்?"

"ரொம்பவும் வேணாம், கம்மியாவும் வேணாம். நாம அட்டெண்டன்ஸ் போடற மாதிரி போடு."

"பென்குவின் சார்?"

"பென்குவின் வேணாம். அந்த அளவுக்கு இங்க குளிரு இல்ல. பொய் சொன்னாலும் நியாயமா சொல்லணும்."

ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில், உலகத்தில் மொத்தம் எத்தனை மிச்சம் என்று அச்சடித்திருந்தது. சில பறவைகள் கோடிக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு என்ன குறை என்று ஒன்றிரண்டு போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தேன். குட்டை வால் அல்பட்ராஸ் என்று ஒரு பெரிய வெள்ளைப் பறவை வந்தது. அதற்கு இருநூற்றுச் சொச்சம்தான். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்ததாம், மெத்தைக்கு இறகு வேண்டுமென்று தடியால் அடித்தே தீர்த்துவிட்டார்களாம், ஜப்பான் பக்கத்துத் தீவில்தான் மிச்சமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது ஐயா. நாற்பது சேர்த்துவிட்டேன். என்னால் அந்தப் பறவைக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இடம் எது என்று கேட்டிருந்தது, எனக்குத் தெரிந்த பெரிய பாறை அப்பா ஆடு மேய்க்கும் வெள்ளைப் பாறை, அதை எழுதினேன். கடைசிப் பக்கத்தில், பறவைக்கு ஆபத்து எதனால் என்று கட்டங்கள் போட்டு, எலி, பூனை, ஆடு, மீன்வலை, எண்ணெய்க் கசிவு என்று இருந்தது. எங்கள் மலையில் மீன்வலை ஏது? எண்ணெய் விளக்குக்கே போதவில்லை, எங்கே கசிவது? ஆடு இருக்கிறது. ஆட்டுக்கு டிக் போட்டேன். ஏழு பக்கத்தில் நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். எங்கள் குடும்பத்தைக் கெடுத்ததும் அதுதான்.

ஐப்பசியில் வனத்துறையினர் வெள்ளைப் பாறையில், ஆடு மேய்க்கக் கூடாது என்று பலகை நட்டார்கள். வனக் காவலர் தசரதன் வந்து எங்கள் பதினான்கு ஆடுகளையும் பிடித்துக் கொண்டுபோய் அவர்கள் பங்களாவுக்குப் பின்னால் அடைத்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். அம்மா வாசலிலேயே அவரை மறித்தாள்.

"இன்னா பறவைங்க அது? எங்க கண்ணுல ஒண்ணும் படலியே?"

"கண்ணுல படாததாலதான்கா அபூர்வம்னு சொல்றாங்க."

"கடல் பறவைக்கு மலையில இன்னா வேல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு ஆடுதான் தெரியும். புடின்னாங்க, புடிச்சேன்."

அப்பா மட்டும் மெதுவாக, "எங்க வூட்டு ஆடு தழையத்தாங்க துன்னும், பறவையத் துன்னாதுங்க" என்றார். அதையும் தசரதன் ஒரு தாளில் எழுதி, அப்பாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆடு திரும்பி வராவிட்டால் தை பிறந்ததும் என் படிப்பை நிறுத்தி மலையடியில் இருக்கும் படவேட்டுக்குக் கரும்பு வெட்டக் கூட்டிக்கொண்டு போவதாக அம்மா சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில், பறவைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அறிஞர் வருகிறார் என்று கடிதம் வந்தது. சார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு விடுதிக் காவலாளி முனிசாமியைப் படவேட்டு வயல்களுக்கு அனுப்பிக் கொக்கு பிடித்து வரச் சொன்னார். வெள்ளையாக இருந்தால் போதும், தூரத்தில் பார்க்கிறவருக்கு அல்பட்ராஸ் என்ன, கொக்கு என்ன என்பது அவர் எண்ணம். முனிசாமி பதினொரு கொக்குகளைக் கோணியில் கட்டிப் பஸ்ஸில் ஏற்ற, பாதி வழியில் கோணி அவிழ்ந்து, கண்டக்டர் விசிலை விழுங்கப் பார்த்து, மிஞ்சிய ஆறு வந்து சேர்ந்தது. பாறையில் கொண்டுபோய் விட்டதும் ஐந்து கொக்குகள் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் நேராகப் படவேட்டுக்கே பறந்துவிட்டன. அவற்றுக்கு இருந்த வழி எங்களுக்கு இல்லை. இறக்கை ஒடிந்த ஒன்று மட்டும் நின்றது. அதைச் சமையல்கார சாந்தம்மாள் குழம்பு வைத்துவிட்டாள். இந்த வருஷத்தில் விடுதிக் குழம்பில் நாங்கள் கறி பார்த்தது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை ஐயா. எங்கேயோ ஒரு தீவில் இருக்கும் பறவை இருநூறா இருநூற்றைம்பதா என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ண வந்தவர் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, எதிரே புளி மூட்டையோடு இறங்கியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். என் தங்கை அந்தக் கணக்கில் இல்லை. பறவை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பாவம், எங்களைப் போல அடிபட்டது.

ஆகையால், பறவை ஒன்றும் இல்லை, ஆடுகளை விட்டுவிடலாம் என்று இரண்டு வரி மறுப்பு வெளியிட வேண்டுகிறேன். சார் பெயரைப் போட வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும் அப்படித்தான். விஷயம் வெளியே தெரிந்தால் அவருக்கு வேலை போகும், எனக்கு டி.சி. கிடைக்கும். தங்கள் இதழ் எங்களுக்கு மளிகைப் பொட்டலமாகத்தான் வருகிறது என்றாலும் எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு ஒரு வரி விடாமல் படிக்கிறோம். தங்கள் இதழும், அதைப் பொட்டலம் கட்டும் கடையும் பல்லாண்டு நிலைத்திருக்க எங்கள் மலைத் தெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
பறவைகளை எழுதியவள்.

பின்குறிப்பு (20-11-1983, ஞாயிறு): மழையால் தபால்காரர் பத்து நாளாக மலை ஏறவில்லை. கடிதம் என் கணக்கு நோட்டுக்குள்ளேயே இருந்தது, நல்லதாகப் போயிற்று. மேலே எழுதிய எதையும் வெளியிட வேண்டாம். புதன்கிழமை அறிஞர் வந்தார். பாறையில் கால் மணி நேரம் நின்றார், பறவைகள் இரை தேடிக் கடலுக்குப் போயிருக்கின்றன என்று எழுதிக்கொண்டார், அடுத்த மழை பிடிக்குமுன் இறங்கிவிட்டார். பாறைக்கு உள்ளூர் ஆள் ஒருவர் காவலுக்கு வேண்டும் என்று என் அப்பாவையே போட்டுவிட்டார்கள். காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்திருக்கிறார்கள். காவல்காரர் வீட்டு ஆடு என்பதால் பதினான்கும் வீடு திரும்பிவிட்டன. நான் தொடர்ந்து படிக்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பாறைப் பக்கம் வந்த சின்னராசு சித்தப்பாவின் ஆறு ஆடுகளை அப்பாவே பிடித்துக் கட்டினார். சித்தப்பா வீட்டில் இப்போது எங்களோடு பேசுவதில்லை.

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. நேற்றுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "இன்னிக்கு ரெண்டு வந்து எறங்குச்சி" என்றார். அம்மா, "எம்மாம் பெருசு?" என்று கேட்டாள். அப்பா சோற்றுக் கையையும் சேர்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

ஆகவே, ஐயா, தாங்கள் வெளியிட்ட செய்தி சரிதான்.