சதுப்பு தின்ற மண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, சுதந்திரம் அடைந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

சுதந்திரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு சாய்வு நாற்காலி. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள்தான் முக்கியம். கல்யாணமான ஆண்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இடமும் இருந்தது. எங்கள் சமையலறைக்குப் பின்னால் நிலம் சரிந்து, கோரை மண்டி, சொதசொதவென்று போய் ஏரியில் முடிகிறது. அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கினால் கொட்டகை போடலாம். ஒரே இடைஞ்சல், கரையில் நகராட்சி நட்டிருந்த பலகை. அனுமதியில்லாமல் நீரோரச் சதுப்பில் மண் கொட்டக் கூடாது, மேடு பள்ளத்தைச் சமன் செய்யக் கூடாது, மீறினால் கொட்டியவரே அள்ளிக் கோரையையும் திரும்ப நட வேண்டும் என்று அது மிரட்டியது.

அந்தப் பலகை என் மனைவிக்கு மனப்பாடம்.

"பின்னாடி கொஞ்சம் மேடாக்கினா என்ன?" என்று பேச்சுவாக்கில் விட்டுப் பார்த்தேன்.

"மழைத் தண்ணியைக் குடிக்கிறதே அந்தக் கோரைதான். அதை மூடினா தண்ணி எங்க போகும்?"

"எங்கயாவது போகும்."

"நம்ம கட்டிலுக்கு அடியில போகும். மேடாக்க அவ்வளவு ஆசைன்னா வாசலை மேடாக்குங்க. ஒரு தூறல் போட்டா தெருத் தண்ணி பூரா நம்ம வீட்டுக்குத்தான் விருந்துக்கு வருது. எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு முதுகு வலி."

"தெரியுமே. நான் வேலை சொன்னா வர்ற வலிதானே?"

நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் அதிர்ஷ்டம் என்னைக் கைவிடவில்லை. மறுநாளே, அடுத்த தெருவில் வீடு கட்டும் மேஸ்திரி என்னை வழிமறித்தார்.

"சார், அஸ்திவாரம் தோண்டின மண்ணு சும்மா கிடக்குது. வேணுமா? உங்க தெருவுக்குள்ள லாரி வராது, தெருக்கோடியில இறக்கிடறேன்."

"வேணும். ஆனா வீட்டுக்குத் தெரியக் கூடாது."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்?"

எவ்வளவு நல்ல மனிதர்! கும்பிடாத குறைதான்.

விடிந்ததும் என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவோடு நடக்கப் போவாள். அவள் தலை மறைந்ததும் கூடை என் தலை ஏறும். தெருக்கோடிக்கும் கோரைக்குமாக ஓட்டம். சட்டமெல்லாம் லாரியில் கொட்டுகிறவனுக்குத்தான், கூடைக்காரனை யார் கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். முதுகு ஒரு முனகல் முனக வேண்டுமே! அவள் திரும்பும்போது நான் குளித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு விஷயம்தான் உதைத்தது. இன்று கொட்டிய மண் நாளைக் காலை இருப்பதில்லை. சதுப்பல்லவா, விழுங்கிவிடுகிறது என்று நினைத்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக நானும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க, இப்பல்லாம் நல்லாச் சாப்பிடறீங்க?" என்றாள் ஒருநாள்.

"வயசு திரும்புது."

"திரும்பட்டும், திரும்பட்டும்" என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

வயது திரும்பியதற்கு அத்தாட்சியும் இருந்தது. கடையிலிருந்து வந்து வீட்டுக்குள் ஏறும்போது வாசற்படி ஒன்று குறைந்தது போல் இருந்தது. காலில் தெம்பு கூடிவிட்டது என்று பூரித்துப் போனேன். வாசல் முழுக்க ஒரு தார்ப்பாய், அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊராருக்கெல்லாம் கண் பரிசோதிப்பது நான்தான்.

பிறகு மழை வந்தது. ஒரு பகல் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அது விட்டதும் ஏரிக்கரை ஆய்வாளர் வந்தார். இரண்டு வீடு தள்ளி, லாரி லாரியாக மண் வாங்கி, ஆள் வைத்துச் சதுப்பை நிரப்பியிருந்த மனிதரை முழங்கால் சேற்றில் இறக்கிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி முன்னால் நடந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். என்னை அள்ளச் சொல்லப்போகிறார்கள், தெருவே வேடிக்கை பார்க்கப்போகிறது என்று, கொட்டிய கூடைகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனேன்.

பின்பக்கம் தண்ணீர் தளும்பியது. கோரை தலையாட்டியது. மண்? மருந்துக்குக்கூட இல்லை.

"கோரையைக் கண்ணு மாதிரி வெச்சிருக்கீங்க சார்" என்றார் ஆய்வாளர். "வாசலை மேடாக்கினதும் நல்ல வேலை. அது ஏரியை விட்டுத் தள்ளி இருக்கு, தடையில்லை. உங்க வீட்டம்மா முன்னாடியே ஆபீசுக்கு வந்து கேட்டுட்டாங்க. வடிகால் பக்கம் சரிவும் சரியா விட்டிருக்கீங்க."

எந்த வாசலை? ஓடிப்போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் இல்லை. கெட்டியான, புத்தம் புதிய மேடு. தெருத் தண்ணீர் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வடிகாலோடு போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

"இந்த மண்ணு..." என்று இழுத்தேன்.

"உங்க மண்ணுதாங்க. தெருக்கோடியில இருந்து பின்னாடி வரைக்கும் நீங்க. நீங்க கடைக்குப் போனதும், பின்னாடி இருந்து வாசல் வரைக்கும் நானும் அக்காவும்."

இரண்டு வீடு தள்ளிப் பார்த்தேன். அந்த மனிதர் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ இல்லேன்னா நானும் அந்தச் சேத்துலதான் நின்னிருப்பேன். கட்டிலும் மிதந்திருக்கும். உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். அவளும் இளகி, சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"எல்லாம் அந்த மேஸ்திரியால வந்தது. ஆசை காட்டிக் கெடுத்துட்டான்!"

"அவரைத் திட்டாதீங்க, பாவம். உங்ககிட்ட அப்படிக் கேக்கச் சொல்லி அனுப்பினதே நான்தான்."

டீ புரையேறியது. அவள் என் தலையில் தட்டிக்கொடுத்தாள்.

"நாளைக்கு அக்கா வீட்டு வாசலுக்கு ஒரு லோடு இறங்குது. நீங்க எப்பவும்போல எனக்குத் தெரியாமலே தூக்கிடுங்க."