கழுதைப்படியும் ஒற்றை விரலும்

இந்த வசந்தத்தில் நான் ஒரு சபதம் செய்தேன். என் மனைவி நடீனின் வாய் உதவி இல்லாமல் கழுதைப்படியை ஏறிக் காட்டுவது!

கழுதைப்படி என்பது எங்கள் பாலைவன ஊரான மோவாபுக்கு வெளியே, செம்பாறைப் பாதையின் உச்சியில், தொடை உயரத்துக்கு நிற்கிற ஒரு கல். அதைப் பார்த்த ஒரு கழுதை யோசித்துவிட்டுத் திரும்பிப் போனதாம். அந்த யோசனை எனக்கு வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஜீப்பில் ஏறுகிறேன். இருபத்திரண்டு வருஷமும் பக்கத்து இருக்கையிலிருந்து நேர்முக வர்ணனை.

“இடது பக்கம் ஒடிங்க. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்னா கொஞ்சம்ங்க, அடுத்த மாநிலத்துக்குப் போகச் சொல்லல!”

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன். “நடீன், நாளைக்கு நான் தனியாப் போறேன்.”

“எங்க, பல் டாக்டர்கிட்டயா? அங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே போவீங்க.”

“கழுதைப்படிக்கு! நீ ஜீப்புல ஏறக்கூடாது. ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“படி ஏறிட்டீங்கன்னா?”

“நீ அப்புறம் சாவியையே கேக்கக்கூடாது.”

“ஏறலன்னா?”

“உன்கிட்ட ஒரே ஒரு தடவை வழி கேட்டாக்கூட சாவி உனக்கு. ஆயுசுக்கும்!”

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஜீப்பை ஓட்டக் கேட்கிறாள். நானும் பிரேக் சரியில்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது, ஜீப்புக்கு என் கால் மட்டும்தான் பழக்கம் என்று சமாளித்து வந்திருக்கிறேன். இப்போது அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கை வைத்து, “சரிங்க” என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே கிடையாது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உருளைக்கிழங்கு ருசியாக இருந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, பாதை தொடங்குகிற இடத்தில் பாறையில் பிடிப்புக் கிடைக்க டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். ஆஹா! இருபுறமும் சிவப்புச் சுவர்கள், மேலே நீலம், பக்கத்து இருக்கை காலி. வாய்விட்டுப் பாடினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

எங்கள் பாதைகளில் ஒரு மரியாதை உண்டு. எதிரே வண்டி வந்தால், நமக்குப் பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்ட வேண்டும். மூன்று வந்தால் மூன்று விரல். யாருமில்லை என்றால் மூடிய கை. குறுகின தடத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்க இதுதான் வழி.

முதலில் ஒரு பச்சை வண்டிப் பெரியவர் இறங்கி வந்தார். மூடிய கையைக் கம்பீரமாக உயர்த்தினேன். அவர் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார், சிரித்தார், ஒரு விரலைக் காட்டினார். சரி, அவருக்குப் பின்னால் ஒரு வண்டி வருகிறது. ஓரம் கட்டிக் காத்திருந்தேன். பத்து நிமிஷம். ஒரு பல்லிதான் வந்தது. அதைத்தான் எண்ணினாரோ என்னவோ!

அடுத்து மஞ்சள் ஜீப்பில் இரண்டு பெண்கள். மறுபடி சிரிப்பு, மறுபடி ஒரு விரல். மறுபடி காத்திருந்தேன். பல்லிகூட வரவில்லை. மூன்றாவதாக ஒரு தாடிக்காரர் விரலை என் முகத்துக்கு நேராக ஆட்டியே காட்டிவிட்டுப் போனார். அங்கேயும் கால் மணி நேரம் காத்து நின்றேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எண்ணக்கூடச் சொல்லித் தருவதில்லை என்று நொந்துகொண்டேன்.

கழுதைப்படி வந்தது. முதல் தடவை சக்கரம் சுற்றியது, ஜீப் நகரவில்லை. இரண்டாவது தடவை அடிவயிறு கல்லில் உரசிக் கத்தியது. ஜீப்பின் அடிவயிறுதான், நான் அதற்கப்புறம் கத்தினேன். மூன்றாவது தடவை ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்க, எப்படியோ கீழே வந்து சேர்ந்தேன். திரும்ப இடமில்லை. ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் மூன்று மைல் பின்பக்கமாகவே இறங்க வேண்டும்.

இடதா, வலதா? இத்தனை வருஷமும் நான் பார்த்தது பானெட்டை மட்டும்தான். ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கல்லைப் பார்த்தவள் அவள்.

அப்போது பின்னால் சரளை நெரிபடும் சத்தம். பக்கத்து வீட்டு ரூலனின் மணல் வண்டி, ‘தவளை’ என்று நாங்கள் கூப்பிடுகிற கூரையில்லாத குட்டி வண்டி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் நடீன்! மடியில் டப்பா. பச்சை ஜெல்லியைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நீயா! எப்போலேருந்து வர்ற?”

வாயைப் பூட்டியதாக ஜாடை காட்டினாள்.

“வரக்கூடாதுன்னு சொன்னேனே!”

என் ஜீப்பைக் காட்டி, தான் அதில் இல்லை என்று தவளையைத் தட்டிக் காட்டினாள். அப்போதுதான் அந்த விரல்களின் அர்த்தம் விளங்கியது. மேலிருந்து வந்தவர்களுக்குப் பாதை முழுக்கத் தெரிந்திருக்கிறது. என் புழுதிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

நாலாவது தடவையும் முயன்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தேன். நடீன் கரண்டியை நக்கினாள்.

“நடீன்... இடதா, வலதா?”

உள்ளங்கையை நீட்டினாள். சாவியை வைத்தேன்.

“அப்பாடா! ரெண்டு மணி நேரமா வாயைக் கட்டிக்கிட்டு வர்றேங்க. ஆமா, நடுவழியில மூணு தடவை ஏன் நின்னீங்க? நானும் பின்னாடி வளைவுல ஒதுங்கி நின்னேன். எனக்காகத்தான் நிக்கிறீங்கன்னு மனசே உருகிப்போச்சு.”

“ஆமா... உனக்காகத்தான்.”

“பொய் சொன்னா உங்க மூக்கு சிவந்துடும்.”

“இந்த ஊர்ல எல்லாமே சிவப்புதான்!”

அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் நின்று கையை உயர்த்தி, “கொஞ்சம் இடது...” என்று ஆரம்பித்தேன்.

“ஒரு வார்த்தை பேசக்கூடாது” என்றாள்.

வலது சக்கரத்தை ஒரு விரிசலோரம் வைத்து, மெல்ல மிதித்தாள். பூனை மதில் ஏறுவதுபோல ஜீப் ஏறிவிட்டது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். வெட்கமெல்லாம் அப்புறம்தான் வந்தது. அவ்வளவு அழகாக அதை யாரும் ஏறி நான் பார்த்ததில்லை.

தவளையையும் அவளே ஏற்றி வைக்க, மேலே இரண்டையும் திருப்பினோம். திரும்பும்போது எனக்குத் தவளை. அவள் கிளப்பிய புழுதியெல்லாம் என் வாயில். முதல் வளைவில் அதே தாடிக்காரர் எதிரே வந்தார். என் ஜீப்பிலிருந்து நடீனின் கை நீண்டது. ஒரே ஒரு விரல்.

அந்த ஒன்று நான்தான்.